உடம்பு சரியில்லை, உடனே வா

பிஷ்கெக், 14 ஏப்ரல் 2002

அன்புள்ள சாய்ரகான் அக்காவுக்கு,

தம்பி மெதர்பெக் இவ்வளவு தூரத்திலிருந்து தலைவணங்கி எழுதுவது. நான் சுகம். அப்பா, நீ, ஆடு, குதிரை, வாசல் நாய் வரை எல்லோரும் சுகமா? அப்பாவின் நெஞ்சுவலி பனியோடு கரைந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா?

நல்ல சேதி சொல்லத்தான் பேனா எடுத்தேன். எங்கள் கம்பெனி மலைக் கிராமங்களுக்குத் தொலைபேசி வைக்கப் போகிறது. கம்பி கிடையாது, கம்பம் கிடையாது. கூரையில் ஒரு பெரிய தட்டு, அவ்வளவுதான். நீ பேசுவது நேராக வானத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து பிஷ்கெக்கில் என் காதில் இறங்கும். முதல் பட்டியலில் நம் ஆக்தெரெக் இல்லை. இயக்குநரிடம் மல்லுக்கட்டிச் சேர்த்தது நான்தான்.

அம்மா இறந்துபோன குளிர்காலத்தை நினைத்துக்கொண்டேதான் மல்லுக்கட்டினேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் நரின் ஆஸ்பத்திரியில் டாக்டர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்ப நமக்கு வழியில்லாமல் போனது. அப்பாவுக்கு அப்படி ஆக விடமாட்டேன். ஒரு போன் போட்டால் டாக்டர் கிளம்பிவிடுவார்.

தட்டை ஊர்த்தலைவர் ஓமுர்சாக் வீட்டில் வைப்பதென்று எங்கள் இன்ஜினியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அங்கேதான் ஜெனரேட்டர் இருக்கிறது. நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு.

அப்பாவின் கையைப் பிடித்து என் சார்பில் ஒரு முத்தம் கொடு.

உன் தம்பி மெதர்

•

ஆக்தெரெக், 6 மே

என் தம்பி மெதருக்கு,

உன் அக்காவின் வணக்கம். நானும் சுகம், ஆடுகளும் சுகம், பதினோரு குட்டி போட்டிருக்கின்றன. உன் உடம்பு எப்படி? ஹோட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பாவுக்கு வலி போகவில்லை. மேட்டில் ஏறினால் நின்று நின்று மூச்சு வாங்குகிறார். கேட்டால் குதிரைக்குக் களைப்பு என்கிறார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எதிர்ல நின்னு பேசினாலே நீங்க ரெண்டு பேரும் காதுல வாங்கறதில்ல. வானத்துக்கு அனுப்பினா மட்டும் கேக்கப் போறீங்களா?" என்றார்.

அது கிடக்கட்டும். ஓமுர்சாக் வீடா? ஊரில் வேறு கூரையே கிடைக்கவில்லையா உங்களுக்கு? பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் நான், அதற்கும் கூரை உண்டு என்பது எனக்குத் தெரியும். பூகம்பத்துக்கு உதவி என்று வந்த மாவை எந்த வீட்டில் இறக்கினார்கள், அந்தக் குளிர்காலத்தில் எவன் குதிரைகள் மட்டும் கொழுத்தன என்று நீ மறந்துவிட்டாயா? அவன் வாசலில் போய் நிற்பதென்றாலே எனக்குக் குமட்டும்.

இன்ஜினியர்களிடம் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார்களா?

நலமாக இரு.

அக்கா சாய்ரகான்

•

பிஷ்கெக், 2 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். நீங்கள் மேய்ச்சல் நிலத்துக்குக் கிளம்பியிருப்பீர்கள். காற்று பட்டால் அப்பாவுக்குத் தேவலையாகும்.

இடம் விஷயம் என் கையில் இல்லை. இன்ஜினியர்கள் பார்த்து முடிவு செய்ததை நான் எப்படி மாற்றுவது? மேலும் ஓமுர்சாக் நீ நினைப்பது போல அவ்வளவு மோசமில்லை. ஊருக்கு ஒரு நல்லது நடக்கும்போது மாவு மூட்டைக் கதையை எதற்கு இழுக்கிறாய்?

வேலை அதிகம். புதிய வீட்டுக்குக் குடிவந்துவிட்டேன். அதற்கு ஒரு சின்ன விருந்தும் வைத்தேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

மெதர்

•

ஆக்தெரெக், 20 ஜூலை

மெதருக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தட்டு வந்துவிட்டது. பாலும் கறியுமாக ஓமுர்சாக் பெரிய விருந்து போட்டான். கூரையில் ஏறித் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் பையனிடம் கேட்டேன், "ஏம்ப்பா, பள்ளிக்கூடத்துல வெச்சா என்ன? ஜெனரேட்டர் இருந்தாத்தான் வேலை செய்யுமா?" என்று. பையன் சிரித்தான். "ஜெனரேட்டரா? எதுக்குக்கா? வெயில்ல ஓடற பலகை கூடவே வருதே. நாங்க வரைபடத்துல பள்ளிக்கூடம்னுதான் போட்டிருந்தோம். உங்க தம்பிதான் அடிச்சு மாத்தினாரு."

 அப்போது ஓமுர்சாக் எண்ணெய் வழியும் கையை என் தோளில் வைத்து, "வீடு குடிபோறான்னு கேள்விப்பட்டு விருந்துக்கு வெட்ட ஒரு குதிரை அனுப்பினேனே, கொழுப்பு நல்லா ஏறினது. பையன் ஏதாச்சும் எழுதினானா?" என்று கேட்டான்.

இல்லை, எழுதவில்லை என்றேன். அந்தத் தோளைத் தேய்த்துக் குளித்தும் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. எப்படி இருந்தது மெதர், அந்தக் கறி? எனக்கு நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

தொலைபேசியைப் பற்றிக் கேள். நடுக்கூடத்தில், விருந்தாளியை உட்கார வைக்கும் இடத்தில், பட்டு மெத்தை மேல் உட்கார்த்தி வைத்திருக்கிறான். காதில் வைத்துப் பேசும் கைப்பிடியைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டான், நாங்கள் உடைத்துவிடுவோமாம். ஒலிபெருக்கியில்தான் பேச வேண்டும். ஊரே சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு கேட்கிறது. ரஷ்யாவிலிருக்கும் புருஷனோடு ஒருத்தி பேசினாள். அவன் என்ன கொஞ்சினான் என்று மறுநாள் மாடு மேய்ப்பவன்கூடச் சொல்லிக் காட்டுகிறான். சீ!

நானும் உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "மெதர்" என்றேன். ஒரு மூச்சு கழித்து என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. அதற்குள் நீ ஏதோ சொன்னாய், அதன் மேல் நான் ஏதோ சொன்னேன். சுற்றிலும் பல் தெரிந்தது. குதிரையைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சாய்ரகான்

•

ஆக்தெரெக், 18 ஆகஸ்ட்

மெதருக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா அப்படியேதான் இருக்கிறார். ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறார். நர்ஸ் ராகியா, "பெரிய டாக்டர்தான் பாக்கணும்" என்கிறாள். பனிக்கு முன்னால் நீ ஒருவரை அனுப்ப முடியுமா?

இன்னொன்று. பக்கத்து வீட்டுக் கனிஷாயின் மகன் மாஸ்கோவில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அங்கே உடன் வேலை செய்த வெளியூர்க்காரன் எவனோ போன் செய்து பட்டென்று சொல்லிவிட்டான். நம் வழக்கம் அவனுக்கு எங்கே தெரியும்? ஓமுர்சாக்குக்குத் தெரியும் அல்லவா? பெரியவர்கள் கூட வேண்டாமா? அவள் பக்கத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்து, அதைப் பேசி இதைப் பேசி, மெல்ல மெல்லச் சொல்ல வேண்டாமா? அவள் வாசலில் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள். இவன் வாயில் மென்றதை விழுங்காமல் மதில் மேலிருந்து கத்தினான்: "ஏ கனிஷாய்! உன் மவன் செத்துட்டானாம்! மாஸ்கோலேர்ந்து போன்!"

அவள் அந்த ஈரக் கம்பளியோடு தரையில் சரிந்ததை நான் பார்த்தேன். ஆட்டை விற்கிறவன்கூட இப்படிக் கத்த மாட்டான்.

மறுநாள் ஊர் கூடியது. இனி அந்தக் கருவியில் யாரும் சாவைச் சொல்லக்கூடாது என்று பேசி முடித்தோம். 'உடம்பு சரியில்லை, உடனே வா' என்று மட்டும் சொல்ல வேண்டும். துருவித் துருவிக் கேட்டாலும் ஆள் உயிரோடு இருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். வந்து சேர்ந்த பிறகு பெரியவர்கள் முறைப்படி சொல்வார்கள். அந்தக் காலத்தில் குதிரையில் ஆள் அனுப்பியபோது இருந்த மரியாதை இதிலும் இருக்கட்டும். எல்லோரையும்விட உரக்கப் பேசியது நான்தான்.

பிஷ்கெக்கில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடு. டாக்டரை மறந்துவிடாதே.

சாய்ரகான்

•

பிஷ்கெக், 10 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கனிஷாய் அத்தையை நினைத்தால் மனசு கனக்கிறது. ஊர் எடுத்த முடிவு சரியான முடிவு. இங்கே நம்மாட்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், தலையாட்டினார்கள்.

டாக்டர் விஷயம் என் நினைவில் இருக்கிறது. இந்த மாதம் தெற்கே தட்டுகள் வைக்கும் வேலை. முடிந்ததும் பார்க்கிறேன். அவசரம் என்றால்தான் போன் இருக்கிறதே.

மெதர்

•

பிஷ்கெக், 2 நவம்பர்

அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் ஊரிலிருந்து கணவாயைத் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பெரியப்பாவுக்கு மட்டும் சளி.

அப்பா எப்படி இருக்கிறார்? என் பெயரை எடுத்தாரா? நான் கிளம்பும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை எனக்கு.

நீயும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் யோசித்துப் பார் அக்கா. போன் வந்தது. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா, டாக்டரைக் கூட்டிட்டு வா" என்றாய். பின்னால் ஓமுர்சாக் இருமுவதும் கிண்ணங்கள் உரசுவதும் கேட்டது.  "உயிரோட இருக்காரு மெதர், சத்தியமா உயிரோட இருக்காரு" என்று நீ அழுதாய். அழுதால் என்ன நினைப்பேன்? நம் ஊரில் எவன் வேறு விதமாக நினைப்பான்? டாக்டரைக் கூட்டி வா என்பதையும் எனக்கு வலிக்காமலிருக்கச் சொல்கிறாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீ சத்தியம் செய்யச் செய்ய என் மனதில் அப்பா இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டே போனார்.

மகன் செய்ய வேண்டியதைச் செய்தேன். பெரியப்பாக்களைத் திரட்டினேன். மாவு, சர்க்கரை, துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பங்கிடத் துணி, சாவுக்கூடாரம் எல்லாம் ஏற்றினேன். அதற்கு மூன்று நாள் ஆனது, உண்மைதான். நரினில் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்துதான் வந்தோம். இனி டாக்டர் எதற்கு என்று வண்டியை நிறுத்தவில்லை.

மன்னித்துவிடு. அப்பாவிடமும் கேட்டுச் சொல்.

மெதர்

•

ஆக்தெரெக், 19 நவம்பர்

மெதருக்கு,

இதைக் கணவாய் மூடுமுன் போகும் கடைசிக் குதிரைக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அப்பா இருக்கிறார். எழுந்து நடப்பதில்லை.

போனில் உன் சத்தம் நின்றதும் நான் ஓமுர்சாக்கிடம் கெஞ்சினேன். "இன்னொரு தடவ கூப்பிடுங்க. அவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான், 'அழாதக்கா, நான் பாத்துக்கறேன்'ங்கறான்." அவன் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "நல்லாத்தானே புரிஞ்சுக்கிட்டான்? வர்றேன்னுட்டானே, அப்புறம் என்ன? எனக்கு நரின்லேர்ந்து குதிரை வியாபாரி கூப்பிடற நேரம், எந்திரி" என்றான். சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை.

நீங்கள் வந்து இறங்கியபோது உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள். வண்டிச் சத்தம் கேட்டதும் டாக்டர் வந்துவிட்டார் என்று அப்பாவின் சட்டைப் பொத்தானை நானே கழற்றிவிட்டேன். அப்பா தலையைக்கூடத் தடவிச் சரி செய்துகொண்டார். அப்போதுதான் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்பாரியைத் தொடங்கினீர்கள். "ஐயோ எங்கப்பா! என் சாயாத மலையே!" என்று உன் குரல் தனியாகக் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். "யாரும்மா செத்தது?" என்றார்.

 அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "மெதர் குரலாச்சே. அப்ப நான்தான்" என்றார்.

அப்பா சிரித்தார், மெதர். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீ கதவைத் திறந்து வாயைத் திறந்தபடி நின்றது அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு நடந்த அசிங்கத்தை நீயே பார்த்தாய். சாவுக்கூடாரத்துக் கழிகளைப் பாதி இறக்கிவிட்டு, இறக்குவதா ஏற்றுவதா என்று உன் பெரியப்பாக்கள் வாசலில் வாதாடினார்கள். கொண்டு வந்த ஆட்டைத் திருப்பி ஏற்ற மனமில்லாமல், பிழைத்ததற்கு நன்றி என்று வெட்டித் தின்றார்கள். "இமானாலி இன்னும் பத்து வருஷம் தாங்குவான்" என்று அப்பாவைக் காட்டி, ஏப்பம் விட்டபடி ஒருவர் சொன்னார். ஓமுர்சாக் முதல் துண்டு வாங்கிக்கொண்டான்.

நரினுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நீ அவர் காலைப் பிடித்தாய். "என்னப் பொதைக்க வந்த வண்டில நான் ஏற மாட்டேன்" என்றார். நீயாக இருந்தால் ஏறுவாயா?

மன்னிப்பைப் பற்றி அப்பாவிடம் நான் கேட்கவில்லை. நீயே வந்து கேள். உன்மேல் மட்டும் வெறுப்பு என்று நினைக்காதே. ஊர் கூட்டத்தில் உரக்கப் பேசிய என் வாயையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு உன்னிடம் நாலு தடவை பேசியிருப்பேன். உன் நீளமான கடிதத்தில் குதிரையைப் பற்றி இன்னும் ஒரு சொல் இல்லை.

இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்.

சாய்ரகான்

•

நரின், 12 ஏப்ரல் 2003

அன்புள்ள அக்காவுக்கு, அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் டாக்டர் எசென்கெல்தி. நெஞ்சு வைத்தியத்தில் இந்தப் பக்கத்திலேயே பெரியவர். பனி வெட்டும் வண்டியின் பின்னாலேயே அவரை அனுப்புகிறேன்.

குளிர்காலம் முழுவதும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எத்தனையோ முறை கூப்பிட்டேன். ஓமுர்சாக் "எல்லாரும் சௌக்கியம், உங்கக்கா வர மாட்டேங்குது" என்பார், அவ்வளவுதான். இந்த வாரம் அவரே கூப்பிட்டார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா" என்றார்.

அக்கா, போன தடவை செய்த தப்பை இந்தத் தடவை செய்யவில்லை. "உயிரோட இருக்காரா?" என்று கேட்டேன். இருக்கிறார் என்றார். நம்பினேன். அழவில்லை, பெரியப்பாக்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. "நீ கிளம்பி வா தம்பி, நீ வந்தாப் போதும்" என்று அவர் விடாமல் சொன்னார். நான் வந்து என்ன செய்ய, வண்டியில் ஓர் ஆள் போகலாமென்றால் அது டாக்டராக இருக்கட்டும் என்றேன். நான் நரினிலேயே தங்கி ஆஸ்பத்திரியில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் பிடித்து வைத்திருக்கிறேன். மலை தெரிகிறது. அதன்மேல் என் கோட்டைப் போட்டுவிட்டு ராத்திரி பெஞ்சில் படுக்கிறேன், வேறு யாரும் பிடித்துவிடக்கூடாது என்று.

அப்பா, வரும்போது திண்டு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து வாருங்கள். இது உங்களைப் புதைக்க வந்த வண்டி இல்லை. ஏறிவிடுங்கள் அப்பா. மன்னிப்பை நேரில் கேட்கிறேன்.

உங்கள் மகன் மெதர்

•

ஆக்தெரெக், 14 ஏப்ரல்

மெதர்,

டாக்டர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். மேலே படிக்குமுன் பக்கத்தில் யாரையாவது உட்காரச் சொல். நம் ஆள் கிடைக்காவிட்டால் நர்ஸாவது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தேநீர் கேட்டார். சேணத்து வார் பிய்ந்து கிடக்கிறது, யாரும் தைக்கவில்லை என்று என்னைத் திட்டினார். நான் வாரை எடுத்துவந்து திரும்பிப் பார்த்தபோது அடங்கிவிட்டார்.

உனக்குப் போன் செய்ய என்னைக் கூப்பிட ஐந்து பெரியவர்கள் வந்தார்கள். "நெசத்தச் சொல்ல விடுவீங்களா?" என்றேன். "என்ன பேச்சும்மா இது, உன்னையும் சேத்துத்தானே முடிவெடுத்தோம்" என்றார்கள். அந்தப் பொய்யை இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன் என்று நான் போகவில்லை. அதனால் ஓமுர்சாக் பேசினான். "உயிரோட இருக்காரா?" என்று நீ கேட்டது ஒலிபெருக்கியில் தெரு வரை கேட்டதாம். டாக்டரை அனுப்புகிறேன், கட்டில் பிடிக்கிறேன் என்று நீ சொல்லச் சொல்ல, கூடம் நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருவருக்கும் வாய் வரவில்லை. முறை கெட்டுவிடும் அல்லவா? நான் போயிருந்தால் உடைத்திருப்பேன். போகாமல் வீட்டில் ரோஷத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரோடு நீயும் வந்துவிடலாம் என்று மூன்று நாள் உனக்காக வைத்திருந்தோம். அதற்குமேல் வைக்க முடியவில்லை. கூடார வாசலில் இடுப்பில் துணி கட்டி, கோலூன்றி நின்று அழ மகன் வேண்டும். உன் இடத்தில் ஓமுர்சாக் நின்றான். "ஐயோ எங்கப்பா, என் சாயாத மலையே" என்று நன்றாக அழுதான். உன்னைவிட உரக்க அழுதான். வந்தவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

இன்று காலை டாக்டர் பையோடு இறங்கி, "நோயாளி எங்கம்மா?" என்றார். நல்ல மனுஷர். நான் மலைச்சரிவைக் கை காட்டியதும் பையைக் கீழே வைத்துவிட்டு என்னோடு ஏறி வந்தார்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அப்பா இறந்துவிட்டார், மெதர். அந்தக் கட்டிலிலிருந்து உன் கோட்டை எடுத்துக்கொள், வேறு யாராவது படுக்கட்டும்.

சாய்ரகான்